யார் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் கிடைத்தது?

தில்லை நகரில் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கிளினிக் இருக்கும். இரண்டரை வயதாகியும் பேசாத, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவிடம் டாக்டர் 'ஆட்டிசம்' என்று சொல்லிவிட்டால், வெளியே வந்ததும் அவர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நான் என்ன தப்பு பண்ணேன்?" எந்தப் பள்ளிக்கூடம், என்ன பயிற்சி என்பதெல்லாம் அப்புறம்தான். மாமியார் கிரகணத்தைச் சொல்வார். பக்கத்து வீடு செல்போனைச் சொல்லும். இந்தக் கேள்வி அந்த அம்மாவின் மனதில் தானாக முளைத்தது அல்ல தோழர்களே. அதற்கு எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்பது தனி நிலையாக மருத்துவ உலகில் நிலைபெற்றது அதிலிருந்துதான். அதில் முதல் குழந்தையான டொனால்டின் ஊர், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட். அப்பா வழக்கறிஞர். அம்மாவின் குடும்பத்துக்கு ஊர் வங்கியில் பங்கு. மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் எழுதி டாக்டருக்கு அனுப்பினார் அந்த அப்பா. அன்றைய மிசிசிப்பி நிறவெறிச் சட்டங்களின் கீழ் இருந்த மாநிலம். அதே ஊரில் கூலி வேலை பார்த்த ஒரு கறுப்பினத் தாய்க்கும் இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். 33 பக்கம் எழுத நேரமும், பால்டிமோர் போகக் காசும், காது கொடுத்துக் கேட்க ஒரு டாக்டரும் அவருக்கு ஏது?

அந்த 11 குடும்பங்களில் நான்கு அப்பாக்கள் மனநல மருத்துவர்கள். ஒன்பது அம்மாக்கள் பட்டதாரிகள். தன் வாசல் வரை யாரால் வர முடிந்தது என்று கன்னர் யோசித்திருக்கலாம். அவரோ இந்தப் பெற்றோர்களிடம் என்ன கோளாறு என்று யோசித்தார். பிறவியிலேயே அமைந்தது என்று முதலில் எழுதியவர், போகப்போகப் பெற்றோரின் பாசமின்மையைப் பேசலானார். (சமூகவியல் முதலாண்டு மாணவர் செய்தாலே ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடும் பிழை இது.) புருனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். 'ஃபிரிட்ஜ் அம்மா' என்ற வசை அந்தக் காலத்தில் ஊன்றியதுதான். பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து விடுதியில் வைப்பதே சிகிச்சை என்றும் ஆனது.

இதை உடைத்தவர்கள் பெற்றோர்களே. 1962இல் லண்டனில் பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் கண்டார்கள். 1965இல் அமெரிக்காவில். ஆட்டிசம் உள்ள மகனின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட், தாயின் மேல் பழி போட எந்த ஆதாரமும் இல்லை என்று 1964இலேயே புத்தகம் எழுதியிருந்தார். 1969இல் கன்னரே அந்தப் பெற்றோர் கூட்டத்தில் நின்று, உங்கள் மேல் குற்றமில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. 1977இல் பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறு வேறு கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை வளர்ப்பைக் குறைசொன்னவர்களால் அதன்பின் மறுக்க முடியவில்லை.

நமக்கு முக்கியமானவர் லோர்னா விங். அவரும் ஆட்டிசம் உள்ள மகளின் தாய், மனநல மருத்துவர். பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் வளர்ச்சிச் சிக்கல் இருந்த பிள்ளைகளைத் தேடிப் பார்த்தார். பணக்கார வீடு, ஏழை வீடு என்று வேறுபாடு தெரியவில்லை. சிறப்பு மருத்துவரிடம் போனவர்களிலும் சங்கத்தில் சேர்ந்தவர்களிலும்தான் வசதியானவர்கள் அதிகம். 1980இல் அதை வெளியிட்டார். படித்தவர் வீட்டு நோய் என்ற கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பிலடெல்பியாவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த குழந்தைகளைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளைக் குழந்தைக்குச் சராசரியாக 6.3 வயதில் ஆட்டிசம் என்று சொல்லப்பட்டது. கறுப்பினக் குழந்தைக்கு 7.9 வயதில். எல்லோருமே அதே காப்பீட்டில் இருந்தவர்கள். ஆகவே காசு மட்டும் காரணம் இல்லை. சாதியைத் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கே பழி போடக் கன்னரோ பெட்டல்ஹெய்மோ தேவைப்படவில்லை. முன்வினை ஏற்கெனவே தயாராக இருந்தது. சேரியில் பிறந்ததற்கும் அதுவே காரணம், பிள்ளை பேசாததற்கும் அதுவே காரணம். படித்தவர்கள் அதையே நாகரிகமாகச் சொல்கிறார்கள்: "அம்மா துப்புரவு வேலைக்குப் போயிடுறா, பிள்ளைகிட்ட யார் பேசுறது?" எங்கள் கண்ணுக்கு இது ஃபிரிட்ஜ் அம்மாவேதான், கூலிக்காரச் சேலையில். இதன் விலையைப் பிள்ளை கொடுக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை பயிற்சிக்குப் போகும் வயதில், நம் பிள்ளை 'மந்தம்', 'அடங்காதவன்' என்ற பெயரோடு வகுப்பின் கடைசி மூலையில் உட்கார்ந்திருக்கும்.

சட்டமும் தாமதமாகத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் சொன்ன ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றானது. நம் அரசு ஆவணங்களில் அதற்குத் தமிழ்ப்பெயர் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. ஹரிஜன் என்ற பெயரை ஏன் உதறினோம் என்று தெரிந்தவர்கள் இந்தப் பெயரையும் யோசிக்க வேண்டும். மின்விசிறியை மணிக்கணக்கில் பார்க்கும் பிள்ளைக்கு உலகத்தைப் பற்றிச் சிந்தனை இல்லை என்று யார் அளந்தார்கள்?

இப்போது கையில் இருப்பவை இவை. சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று உண்டு; 70 மதிப்பெண்ணுக்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. பெரும்பாலான கேள்விகள் பிள்ளையின் அன்றாடப் பழக்கத்தைப் பற்றியவை என்பதால் அம்மா சொல்வது முக்கியம். டாக்டர் முன்னால் அவர் பயந்து பேசாமல் நின்றால் பிள்ளையின் கணக்கு குறைந்துவிடும். எனவே முந்தின நாளே பார்த்ததையெல்லாம் சொல்லச்சொல்லி நாங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். 33 பக்கம் வேண்டாம், ஒன்று போதும். சான்றிதழ் வந்தால் 'நிரமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். சான்றிதழ் தருவது அரசு மருத்துவர்கள்தான். தில்லை நகரிலிருந்து புத்தூர் அரசு மருத்துவமனை நடக்கும் தூரம். ஆனால் ஒவ்வொரு முறை போவதும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி.

பள்ளி விஷயத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் இருக்கும் அதே பிரிவில், 2(டி)யில் சேர்த்தது. தனியார் பள்ளியின் 25 சதவீத இடத்துக்கு நம் பிள்ளைக்கு ஒரே வரியில் இரண்டு உரிமை. "இவனைப் பார்த்துக்க எங்ககிட்ட ஆள் இல்லை" என்று சொல்லும் பள்ளியில் நாங்கள் வாக்குவாதம் செய்வதில்லை. அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு, கொடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம்.