குடத்தில் விழுந்த ஓலையும் கூட்டத்தில் எழும் கையும்

சங்கக் கூட்டத்தில் பத்துப் பேர் பத்துக் கருத்து சொல்கிறார்கள். எதை முதலில் எடுத்துக்கொள்வது? பெரும்பாலும் கைதட்டலின் ஓசைதான் முடிவு செய்கிறது. முன்னால் பேசியவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டால், கடைசியில் பேசிய நல்ல யோசனை தேநீர் இடைவேளையோடு கரைந்து போகிறது. இந்தச் சிக்கல் இன்று வந்ததல்ல. நம் முன்னோர் இதை 1100 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போவோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919இல் அவ்வூர்ச் சபை குடவோலை விதிகளைக் கல்லில் பொறித்தது. 921இல் அவற்றைத் திருத்தி மறுபடியும் பொறித்தது. இரண்டே ஆண்டுகளில் திருத்தம்! 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாறியது. குறை தெரிந்ததும் விதியை மாற்றத் தயங்காத சபை அது.

ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியோரும் பெரியோரும் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். நடுநிலையாளர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி, உரக்கப் படிப்பார். அங்குள்ள நம்பிமாரும் படிக்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் அல்லவா! இப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மீண்டும் இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

ஆனால் இதை முழு மக்களாட்சி என்று மார்தட்டக் கூடாது. அது பிராமணர் ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கே வாய்ப்பு. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. முறை நேர்மையாக இருந்தாலும் வாசல் குறுகலாகவே இருந்தது.

பிற நாட்டாரும் இதில் மூளையைக் கசக்கினார்கள். பிரான்சு நாட்டின் போர்டா, விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்தி மதிப்பெண் தரச் சொன்னார். கொண்டோர்செ 1785இல், இருவர் இருவராக மோதவிட்டு எல்லாரையும் வெல்பவரே உண்மையான வெற்றியாளர் என்றார். 1927இல் அமெரிக்கர் எட்வின் வில்சன் ஒரு கணக்கு தந்தார். ஐந்து பேர் கேட்டு ஐவரும் பாராட்டிய கருத்து ஒன்று. நூறு பேர் கேட்டு 90 பேர் பாராட்டிய கருத்து இன்னொன்று. எது மேல்? வெறும் சதவீதம் முதலாவதைச் சொல்லும். வில்சனின் கணக்கோ, சிறிய எண்ணிக்கையை அவ்வளவாக நம்பாதே என்கிறது. 95 விழுக்காட்டு உறுதியில் பார்த்தால் முதலாவதுக்குக் கிடைக்கும் கீழ்வரம்பு சுமார் 57. இரண்டாவதுக்குச் சுமார் 83.

நம் தொலைக்காட்சிக்கும் இதில் பாடம் உண்டு. 2003இல் தொடங்கிய அகாடமி பேண்டசியா போட்டியில் குறுஞ்செய்தி வாக்கு இந்நாட்டு இல்லங்களையே பரபரப்பாக்கியது. ஒருவரே எத்தனை முறையும் அனுப்பலாம் என்றால், அங்கே எண்ணப்படுவது மக்களின் விருப்பமா, கைப்பேசியின் பணமா?

கோலாலம்பூருக்கும் ஒரு வாக்கு வரலாறு உண்டு. 1952 பிப்ரவரியில் நடந்த நகராட்சித் தேர்தலில் 12 இடங்களில் அம்னோ - மசீச கூட்டு 9, மலாயா சுதந்திரக் கட்சி 2, சுயேச்சை 1 என வென்றனர். 1960ஆம் ஆண்டுத் தலைநகர்ச் சட்டத்திற்குப் பின் தேர்ந்தெடுத்த மன்றம் போய் ஆணையர் வந்தார். 1965இல் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976 சட்டம் அதை நிலையாக்கியது. இன்று பிரிக்பீல்ட்ஸ் சாலையில் குழி விழுந்தாலும், கிள்ளானில் கால்வாய் அடைத்தாலும், அதற்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு நம்மிடம் இல்லை.

நகர மன்றத்தில் ஓட்டு இல்லாவிட்டாலும் நம் ஆலய நிர்வாகத்திலும் சங்கத்திலும் இருக்கிறதே! அங்கே கருத்துகளைப் பெயரின்றிச் சீட்டில் எழுதி வாங்கலாம். படிக்கும் வரிசையைக் குலுக்கி எடுக்கலாம். வாக்கை எல்லார் முன்னும் எண்ணலாம். கணக்குக் காட்டாதவரை ஒதுக்கி வைக்கலாம். பெண்களையும் இளைஞர்களையும் குடத்துக்குள் கொண்டுவரலாம். பேச இடம் கிடைக்காத இளைஞன் சண்டை போடமாட்டான். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டான், அவ்வளவுதான். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட, உத்திரமேரூரார் போல விதியைத் திருத்துவது எளிது. அவர்களுக்கு இரண்டு ஆண்டு போதுமானதாக இருந்தது. நமக்கு எத்தனை ஆண்டு வேண்டும், நேயர்களே?