வெண்புகைக்குள் இருந்த அமிலம்

அமெரிக்க விண்ணோடங்கள் ஏவப்பட்ட காணொளிகளில் தெரியும் வெண்புகையைப் பலரும் நீராவி என்றே நினைக்கின்றனர். நீராவியும் இருந்தது, ஐதரசனையும் ஒட்சிசனையும் எரித்த பிரதான இயந்திரங்கள் அதைத்தான் வெளியிட்டன. ஆனால் அடர்ந்த புகை வந்தது பக்கவாட்டில் பொருத்தப்பட்ட இரண்டு திண்ம எரிபொருள் உந்திகளிலிருந்து.

ஒவ்வோர் உந்தியிலும் ஏறத்தாழ 500 தொன் எரிபொருள், அழிறப்பர் போன்ற இறுக்கத்தில் நிரப்பப்பட்டிருந்தது. அதில் சுமார் 70 சதவீதம் அமோனியம் பெர்குளோரேட், 16 சதவீதம் அலுமினியத் தூள். மிகுதியில் பெரும்பகுதி இவற்றைப் பிணைக்கும் இறப்பர் போன்ற பொலிமர், அதுவும் எரியும். எரிவதற்கான ஒட்சிசன் பெர்குளோரேட்டிலேயே இருப்பதால் காற்று தேவையில்லை. பற்றவைத்த பின் அணைக்கவும் முடியாது.

அலுமினியம் எரிந்து அலுமினியம் ஒட்சைட்டுத் துகள்களாகிறது. படம்பிடிப்பவர்களுக்குப் பிடித்த வெண்மை அதுதான். பெர்குளோரேட்டிலுள்ள குளோரீனோ ஐதரசன் குளோரைட்டு வாயுவாகிறது. ஒலியதிர்வைத் தணிக்க ஏவுதளத்தில் பாய்ச்சப்படும் நீரில் அது கரைந்து, ஐதரோகுளோரிக் அமிலத் துளிகளாகச் சுற்றாடலில் விழுந்தது. புளோரிடாவின் கென்னடி விண்வெளி நிலையத்தில், ஏவுதளத்தை ஒட்டிய ஆழமற்ற களப்பில் சிறு மீன்கள் செத்து மிதந்தன. செடிகளின் இலைகள் கருகின. இவற்றைப் பதிவுசெய்தது நாசாவின் சொந்தச் சூழல் கண்காணிப்புத்தான்.

விண்ணோடங்கள் 2011 இல் ஓய்வுபெற்றன. 2022 இல் ஆர்ட்டெமிஸ் 1 ஐச் சுமந்துசென்ற ரொக்கெட்டிலும் இதே வகை எரிபொருள்தான். உந்திகள் மட்டும் முன்னையவற்றைவிட நீளமானவை.