நடுக்கடலில் பாய்மரப் படகுகளுக்கு வானிலை முன்னறிவிப்பு கிடைப்பது எப்படி?

நெடுந்தொலைவு பயணிக்கும் பாய்மரப் படகு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 முதல் 170 கடல் மைல் வரை மட்டுமே கடக்கும். புயல் நெருங்கிய பின்னர் அதன் பாதையிலிருந்து விலகிச் செல்ல இந்த வேகம் போதாது. எனவே, சில நாள்களுக்கு முன்பே நம்பகமான முன்னறிவிப்பைப் பெறுவது படகில் இருப்போரின் உயிருடன் தொடர்புடையதாகும்.

2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் போட்டியில் பங்கேற்ற இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் கடும் புயலில் சிக்கினார். அவரது 'துரியா' படகின் பாய்மரங்கள் முறிந்தன. முதுகில் பலத்த காயமடைந்த அவரை, மூன்று நாள்களுக்குப் பிறகு பிரான்ஸ் நாட்டின் 'ஓசிரிஸ்' கப்பல் மீட்டது.

அதிகாரபூர்வ அறிவிப்புகள்

கடல் வானிலை எச்சரிக்கைகளை வெளியிடுவதற்காக உலகின் கடற்பரப்பு 21 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வட இந்தியப் பெருங்கடலுக்கான அறிவிப்புகளை இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடுகிறது. இவை ஆழ்கடலில் செயற்கைக்கோள் வழியாகவும், கரையிலிருந்து சில நூறு கடல் மைல் தொலைவு வரை 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 'நாவ்டெக்ஸ்' கருவி வழியாகவும் எழுத்து வடிவில் கிடைக்கின்றன. அலை உயரம், நீரோட்டம் குறித்த கணிப்புகளை ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' மையம் அளிக்கிறது.

கணினிக் கணிப்புகள்

'கிரிப்' எனப்படும் சிறிய கோப்புகளில் காற்றின் வேகம், திசை, காற்றழுத்தம் ஆகியவை கட்டம் கட்டமாக எண்களில் பதிவாகியிருக்கும். மிகக் குறைந்த வேகம் கொண்ட செயற்கைக்கோள் தொலைபேசி இணைப்பிலும் இவற்றைப் பெற முடியும். அமெரிக்காவின் 'ஜிஎஃப்எஸ்' மாதிரி நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆயினும், வானிலை வல்லுநர் எவரும் சரிபார்க்காத நேரடிக் கணினிக் கணிப்புகளே இக்கோப்புகளில் உள்ளன. திடீர்ச் சூறைக்காற்றும் இடிமழையும் இவற்றில் பெரும்பாலும் தென்படுவதில்லை. கோப்பு காட்டும் சராசரி வேகத்தைவிடக் காற்று அவ்வப்போது 40 சதவீதம் வரை கூடுதலாக வீசக்கூடும்.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்துவது சட்டவிரோதமாகும். வெளிநாட்டிலிருந்து வரும் படகோட்டிகள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

காற்றழுத்தமானியின் பங்கு

மின்சாரமோ இணைப்போ துண்டிக்கப்பட்டாலும் காற்றழுத்தமானி செயல்படும். வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் அப்பருவத்தின் சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எச்சரிக்கை தேவை. 5 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் அருகில் புயல் இருப்பதாகவே கருத வேண்டும் என்பது கடலோடிகள் பின்பற்றும் விதி. அங்கு அழுத்தம் இயல்பாகவே நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குவதால், அந்த மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வட அரைக்கோளத்தில் காற்று முதுகில் படும்படி நின்றால், காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இடப்புறம் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு

கோப்பில் தற்போதைய நேரத்துக்குக் குறிப்பிடப்பட்டுள்ள அழுத்தத்தையும் காற்றின் திசையையும் படகில் பதிவாகும் அளவுகளுடன் ஒப்பிடுவது முதல் சோதனையாகும். இரண்டும் பொருந்தாவிட்டால், அடுத்த நாள்களுக்கான கணிப்பையும் அப்படியே ஏற்க இயலாது. ஒரே மாதிரியின் அடுத்தடுத்த கணிப்புகள் மாறிக்கொண்டே இருந்தாலும், இரு வேறு மாதிரிகள் முரண்பட்டாலும் அந்த முன்னறிவிப்பின் உறுதித்தன்மை குறைவு என்று பொருள். அத்தகைய வேளையில், கடுமையான நிலையைக் கூறும் கணிப்பின்படி பாய்களைக் குறைப்பதும் பாதையை மாற்றுவதும் பாதுகாப்பான வழியாகும்.