சென்னைப் பொது நூலகச் சட்டம் (1948)

சுதந்திர பாரதத்தில் முதன்முதலாக இயற்றப்பட்ட நூலகச் சட்டம் இது. மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகி, லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், நூலகம் என்பது தனவந்தரின் தருமமாக அன்றிக் குடிமக்களின் உரிமையாக நிலைபெற வேண்டுமென்று 1930 முதல் மாதிரி மசோதாக்கள் வரைந்து மன்றாடியதன் பலன் என்றே இதைக் கூறலாம். 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் அவர் தொடங்கிவைத்த மாட்டுவண்டி நூலகம் அந்தக் கொள்கைக்குக் கண்கண்ட சான்று; நூலைத் தேடி வாசகன் வராவிடில், காளைகள் அதை அவன் ஊருக்கே இழுத்துச் சென்றன. கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் சட்டம் நிறைவேறிற்று. வீட்டுவரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி, அதைச் செலவிடும் ஸ்தல நூலக ஆணைக்குழு ஆகிய இரண்டுமே இதன் ஜீவநாடி. வரி ரசீதில் தனி இனமாக நிற்கும் அச்சிறு தொகையைப் பெரும்பாலோர் கவனிப்பதேயில்லை. எனினும் பொது நூலக இயக்குநர் பதவி நெடுங்காலம் கல்வித்துறைத் தலைவரிடமே உபரிப் பொறுப்பாக இருந்துவந்தது. நூலகத் தொழிலை அறிந்தவரே அதற்குத் தலைமை தாங்கவேண்டும் என்ற வாதம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.