துப்பறியும் நாவலும் இலக்கியப் பரிசிலும்

துப்பறியும் கதையைப் படியாதவர் உலகிலே மிகச் சிலர். படித்ததை நாலுபேர் அறிய ஒப்புக்கொள்பவர் அவரினும் சிலர். காவியங்களையும் சமூக நாவல்களையும் கூடத்து அலுமாரியிலே அடுக்கி வைப்போர், மர்ம நாவலை மட்டும் தலையணையின் கீழ் வைப்பது நெடுங்கால வழக்கம். படிப்போர் தொகையினால் அரசு வீற்றிருந்த ஓர் இலக்கிய வகை, மதிப்போர் அவையிலே வாயிலுக்கு வெளியே நின்றது. அவ்வாறு நின்ற எழுத்தாளர்கள், பிறர் அழைப்புக்குக் காத்திராது, தாமே ஓர் அவை அமைத்துத் தாமே பரிசில் வழங்கத் தொடங்கிய வரலாறு சுவையானது. அப்பரிசில்கள் இவ்வகை எழுத்துக்குக் கதவைத் திறந்தனவா, அன்றி அதனைச் சுற்றி வேலி எழுப்பினவா என்பது நேயர்கள் சிந்திக்கத்தக்க வினாவாகும்.

துப்பறியும் கதையின் தந்தை எனப் போற்றப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ. 1841ஆம் ஆண்டிலே 'மோர்க் வீதிக் கொலைகள்' என்னும் பொருள்படும் தலைப்பிலே அவர் எழுதிய சிறுகதை, தடயங்களை ஆராய்ந்து குற்றவாளியைக் கண்டறியும் கதைகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று. இரண்டாண்டுகளின் பின்னர், மறைபொருள் எழுத்தை அவிழ்த்துப் புதையல் காணும் 'பொன்வண்டு' என்னும் கதைக்காகப் பிலடெல்பியா நகரப் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியிலே 100 டொலர் பரிசு பெற்றார். எனினும் வறுமை அவரை விட்டு நீங்கவில்லை. 1849இலே, நாற்பது வயதிலே, அவர் காலமானார். தம் பெயரால் ஒரு பரிசில் ஏற்படுமென்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

இவ்வகை எழுத்தைத் தாழ்வாக எண்ணியவர்கள் பிறர் மட்டுமல்லர். எழுதியவர்களிலும் சிலர் அவ்வாறே எண்ணினர். ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் தம் சரித்திர நாவல்களையே பெரிதாக மதித்தார். அவற்றுக்கு இடையூறாக இருக்கின்றதென்று, தமக்குப் புகழும் பொருளும் தேடித்தந்த அப்பாத்திரத்தை 1893இலே கதைக்குள் கொன்றுவிட்டார். வாசகரின் வற்புறுத்தலே ஹோம்ஸை மீண்டும் உயிர்ப்பித்தது.

இவ்வழக்கு உச்சநிலையை அடைந்த காலம் இரண்டாம் உலகப் போரின் இறுதிப் பகுதியாகும். 1944ஆம் ஆண்டின் இறுதியிலே றேமண்ட் சான்ட்லர் ஒரு கட்டுரை வரைந்தார். மாளிகை நூலகத்திலே பிணம், புதிர் விடுவிப்பதற்கென்றே ஒரு கொலை என்னும் செயற்கை மரபை அவர் சாடினார். கொலையை உண்மையிலே கொலை செய்யும் மனிதரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும், அங்ஙனம் எழுதினால் அதுவும் இலக்கியமே என்றும் வாதிட்டார். அடுத்த சில வாரங்களிலே, அமெரிக்காவின் முதன்மைத் திறனாய்வாளருள் ஒருவரான எட்மண்ட் வில்சன், இவ்வகை நூல்களைப் படிப்பது காலத்தையும் காகிதத்தையும் வீணாக்கும் செயல் என்ற கருத்திலே கடுமையாக எழுதினார். வாதியும் பிரதிவாதியும் எழுந்து நின்றுவிட்டனர். வழக்கைக் கேட்க ஒரு மன்றமே இல்லை.

அந்த 1945ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கில் அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. எழுத்தாளருக்கு நியாயமான ஊதியம் பெற்றுத் தருவது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. 'குற்றத்தால் பயனில்லை' என்னும் ஆங்கிலப் பழமொழியோடு ஒரு சொல்லைக் கூட்டி, குற்றத்தால் போதிய பயனில்லை என்பதையே தம் சுலோகமாக அவர்கள் வைத்துக்கொண்டனர். நகைச்சுவைதான், ஆயினும் அதற்குள்ளே ஒரு முறையீடு அடங்கியிருந்தது.

1946இலே அச்சங்கம் முதன்முறையாகப் பரிசில் வழங்கியது. போவின் முதற்பெயரால் அது 'எட்கார்' எனப் பெயர் பெற்றது. போவின் சிறிய மார்பளவுச் சிலையே இன்று அதன் சின்னம். தொடக்க ஆண்டிலே நாவலுக்கு மட்டுமன்றித் திரைப்படத்துக்கும் திறனாய்வுக்கும், வானொலி நாடகத்துக்குங்கூடப் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் நாவலைப் பொறுத்தவரையில், புகழ்பெற்ற மூத்தோரின் நூல்களை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாவல் எழுதிய புதியவருக்கே பரிசு. அதனை முதலிற் பெற்றவர் ஜூலியஸ் ஃபாஸ்ட் என்னும் இளைஞர். வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் ஓர் அவையைக் கட்டியபோது, தமக்குச் சிம்மாசனம் இடுவதற்கு முன்னே புதிதாக வருவோனுக்கு ஓர் ஆசனம் இட்டனர் எனலாம்.

ஆண்டின் சிறந்த நாவலுக்கென 'எட்கார்' பரிசில் 1954இலேதான் முதன்முதல் வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் அமெரிக்கரல்லர். சார்லொட் ஜே என்னும் புனைபெயர் கொண்ட அவுஸ்திரேலியப் பெண்மணி. பப்புவா தீவிலே பணிபுரிந்த தன் கணவன் தற்கொலை செய்துகொண்டான் என்ற செய்தியை நம்பாத ஒரு பெண், உண்மையைத் தேடி அங்கே செல்வதே அக்கதை. தேடலின் முடிவிலே வெளிப்படுவது ஒருவன் செய்த கொலை மட்டுமன்று. அந்நியர் ஆட்சியின் நிழலிலே சுதேச மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையுமாகும். மறுவருடம் அப்பரிசில் 'நீண்ட பிரியாவிடை' என்னும் கருத்துடைய தலைப்புக் கொண்ட நாவலுக்காகச் சான்ட்லருக்குக் கிடைத்தது. வாழ்நாட் சாதனைக்கான பேராசான் விருது அதே 1955இலே முதன்முதலாக அகதா கிறிஸ்திக்கு வழங்கப்பட்டது. சான்ட்லர் சாடிய புதிர் மரபின் அரசியும், அதனைச் சாடிய சான்ட்லரும் ஒரே ஆண்டிலே ஒரே அவையிற் பாராட்டப்பட்டனர். நல்ல அவைக்கு அதுவே இலக்கணம்.

இங்கிலாந்திலே, நூற்றுக்கணக்கான நாவல்களை எழுதிக் குவித்த ஜோன் கிறீசியின் முயற்சியால் 1953 நவம்பரில் குற்றக் கதை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. அச்சங்கம் 1955இலே ஒரு பரிசிலை நிறுவி, அதற்குக் 'குறுக்கிட்ட செந்நிற மீன்கள்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டது. புகையூட்டிச் சிவந்த ஹெரிங் மீன் என்பது, வாசகனைத் தவறான பாதையிலே இழுத்துச் செல்லும் பொய்த்தடயத்துக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயர். முதற் பரிசு வின்ஸ்டன் கிரகம் என்பவருக்குக் கிடைத்தது. 1960இலே மீன் மறைந்தது. 'பொற் குத்துவாள்' என்னும் பெயர் வந்தது. தம்மைத் தாமே நகைத்துக்கொண்டோர் தலைநிமிர்ந்து நிற்கத் தொடங்கியதன் அறிகுறியாக இப்பெயர் மாற்றத்தைக் கொள்ளலாம்.

பிரான்சு தேசத்திலே இரு பரிசில்கள் எழுந்தன. 1946இலே தோன்றிய ஒன்று, பாரிஸ் குற்றப் புலனாய்வுப் பொலிஸின் தலைமையகம் அந்நாளில் அமைந்திருந்த ஆற்றங்கரைத் தெருவின் பெயரால், 'கே தெ ஓர்ஃபெவ்ர்' பரிசில் என வழங்குகின்றது. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் ஆசிரியர் பெயர் மறைக்கப்பட்டு நடுவர் முன் வைக்கப்படும். நடுவருள்ளே பொலிஸ் அதிகாரிகளும் நீதித்துறையினரும் இடம்பெறுவர். விசாரணை முறைகள் உண்மைக்கு ஒத்து எழுதப்பட்டுள்ளனவா என்பதும் அங்கே நோக்கப்படும். மற்றையது 1948இலே தோன்றிய துப்பறியும் இலக்கியப் பெரும் பரிசில். இது எழுத்தின் தரத்தையே அளவுகோலாகக் கொண்டது.

இந்த இரண்டாவது பரிசிலின் வரலாற்றிலே 1958ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டிலே அதனைப் பெற்றவர் செஸ்டர் ஹைம்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். இளமையிலே ஆயுதமேந்திக் கொள்ளையிட்ட குற்றத்துக்காக ஒகையோ மாநிலச் சிறையிலே ஏழாண்டுகளுக்கு மேற் கழித்தவர். எழுதப் பழகியதும் அச்சிறைக்குள்ளேதான். தாய்நாட்டிலே நிறவெறியின் கசப்பை உண்டு, பிரான்சிலே குடியேறி வறுமையில் வாழ்ந்த அவரைத் துப்பறியும் நாவல் எழுதுமாறு பாரிஸ் பதிப்பாசிரியர் ஒருவர் தூண்டினார். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதி மக்களது வாழ்வையும், அவர்களிடையே பணிபுரியும் இரு கறுப்பினத் துப்பறிவாளரையும் அவர் படைத்தார். நீதிமன்றம் ஒன்று குற்றவாளி எனத் தீர்த்த கைகள் எழுதிய குற்றக் கதைக்கு அயல்நாட்டு நடுவர் மகுடம் சூட்டினர். சொந்த ஊர் மூடிய கதவை அந்நிய ஊர் திறந்தது.

கிழக்கிலே யப்பானிய தேசம் பின்தங்கி நிற்கவில்லை. அங்கே இவ்வெழுத்துக்கு வேரூன்றியவர் ஹிராய் டாரோ. எட்கார் அலன் போ என்னும் பெயரை யப்பானிய நாவுக்கு இசைய ஒலித்து 'எடோகாவா ரம்போ' என்று புனைபெயர் பூண்டவர் அவர். 1947இலே அவர் தலைமையில் எழுத்தாளர் கழகம் அமைந்தது. 1948இலே அக்கழகம் வழங்கிய முதற் பரிசில் யோகோமிசோ செய்ஷியின் நாவலுக்குக் கிடைத்தது. ரம்போ தம் அறுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி அளித்த நிதியைக்கொண்டு, அவர் பெயராலேயே ஒரு பரிசில் 1955 முதல் வழங்கப்படலாயிற்று.

1957 முதல் அது புதிய கையெழுத்துப் பிரதிகளுக்கு உரிய பரிசிலாயிற்று. அவ்வாண்டிலே வென்றவர் நிகி எட்சுகோ என்னும் இருபத்தொன்பது வயதுப் பெண். குழந்தைப் பருவத்திலே முள்ளந்தண்டைத் தாக்கிய காசநோயினால் நடக்கமாட்டாது போனவர். பள்ளிக்கூட வாயிலை மிதியாதவர். தமையனிடமே பாடம் கற்றவர். 'பூனைக்குத் தெரிந்திருந்தது' என்னும் பொருள்படும் அவரது நாவல் பெருந்தொகையாக விற்பனையாயிற்று; யப்பானிலே பெண்கள் பலர் இத்துறைக்கு வர வழிகாட்டியது. பெயரும் செல்வாக்கும் இல்லாத ஒருவரின் பிரதி நடுவர் கையை எட்டுவதற்கு ஒரு பாதை இருந்தமையாலே இது கைகூடிற்று. பரிசிலின் பயனுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1964ஆம் ஆண்டின் பொற் குத்துவாள் எச்.ஆர்.எஃப். கீற்றிங் என்னும் ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. பம்பாய் நகரப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் கோட்டே என்பவரே அவர் நாவலின் நாயகர். அடக்கமும் அச்சமும் நேர்மையும் கலந்த அப்பாத்திரம் வாசகரின் அன்பைப் பெற்றது உண்மையே. ஆனால் நூலை எழுதியபோது கீற்றிங் இந்திய மண்ணை மிதித்ததில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அங்கு சென்றார். பம்பாயைப் பற்றி எழுதியவருக்கு இலண்டனிலே பரிசு. பம்பாயிலே இருந்து எழுதுவோரின் குரல் அம்மண்டபத்தை எட்டுவதற்கு வழி இல்லை. பரிசில் வழங்கும் அவை தன் மொழியையும் தன் பதிப்பகங்களையும் மட்டுமே உலகமெனக் கருதிவிடும் ஆபத்து இதிலே புலனாகின்றது.

பெண் எழுத்தாளரும் இவ்வாறே குறைகூற நேர்ந்தது. அவர்தம் நூல்கள் மதிப்புரைகளிலும் பரிசில்களிலும் உரிய இடம் பெறவில்லை என்பதை எடுத்துக்காட்டி, சாரா பரெட்ஸ்கி 1986இலே அமெரிக்காவில் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தார். புறக்கணிக்கப்பட்டோர் கட்டிய வீட்டின் வாசலிலே புறக்கணிக்கப்பட்டோர் வேறொரு வரிசையாக நின்றனர்.

மொழிபெயர்ப்பு நூல்களின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சுவீடன் நாட்டு எழுத்தாளர்கள் மாய் ஹூவால், பேர் வாலூ இருவரும் எழுதிய நாவல் ஒன்று 1971இலே 'எட்கார்' பரிசிலைப் பெற்றது. 2005இலே ஐஸ்லாந்து எழுத்தாளர் அர்னால்டூர் இந்திரிதாசொனின் நாவல் பொற் குத்துவாளைப் பெற்றது. அடுத்த ஆண்டு முதல் பொற் குத்துவாள் ஆங்கிலத்திலே எழுதப்பட்ட நூல்களுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டு, மொழிபெயர்ப்புகளுக்கெனச் சர்வதேசக் குத்துவாள் தனியே ஏற்படுத்தப்பட்டது. அதனை மூலாசிரியரோடு மொழிபெயர்ப்பாளரும் பகிர்ந்துகொள்கின்றார். மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு மேடையேறியது பெருமைக்குரியது. ஆயினும் பிரதான மண்டபத்திலே அமர்ந்திருந்தவரை எழுப்பி, பக்கத்து அறையிலே அலங்கார ஆசனம் கொடுத்ததுபோல அன்றோ இதுவும் ஆயிற்று! பொது இலக்கிய அவை துப்பறியும் நாவலுக்குச் செய்ததை, துப்பறியும் நாவலின் அவை பிறமொழி நூல்களுக்குச் செய்தது.

இதற்கிடையே அப்பொது அவையின் வாயிலும் மெல்லத் திறந்தது. 1985இலே ரம்போ பரிசில் பெற்று எழுத்துலகிலே புகுந்த ஹிகாஷினோ கெய்கோ, 2006இலே யப்பானின் புகழ்மிக்க நயோகி பரிசிலைத் தம் துப்பறியும் நாவலுக்காகப் பெற்றார். 2007இலே பொற் குத்துவாள் பெற்ற அவுஸ்திரேலியர் பீற்றர் டெம்பிள், 2010இலே தம் நாட்டின் தலைசிறந்த இலக்கிய விருதான மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதைக் கொலை விசாரணை பற்றிய நாவலுக்கே பெற்றார். இருவரும் முதலிலே தம் இனத்தாரின் சிறு மன்றத்திலே இனங்காணப்பட்டு, பின்னர் பெருமன்றம் புகுந்தவர்கள். 2022இலே புக்கர் பரிசு பெற்ற இலங்கையர் ஷெஹான் கருணாதிலகவின் நாவலிலும், இறந்துபோன புகைப்படக் கலைஞன் ஒருவன் தன்னைக் கொன்றவர் யார் என்று ஏழு நிலாக் காலத்துக்குள்ளே தேடுகின்றான். போர்க்கால இலங்கையின் துயரைச் சொல்ல, துப்பறியும் கதையின் பழைய வினாவே அங்கே கருவியாயிற்று.

2021இலே 'எட்கார்' பரிசில்களின் 75ஆவது ஆண்டு நிறைந்தது. சிறந்த நாவலுக்கான பரிசைப் பெற்றவர் கேரளத்திலே பிறந்து, இந்தியாவிலே பத்திரிகையாளராகப் பணியாற்றிய தீபா அனப்பாரா. சேரிப் பகுதியிலே குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போக, பொலிஸார் பாராமுகமாயிருக்க, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தன் தோழரோடு தேடப் புறப்படுவதே கதை. கீற்றிங் கேள்வியால் அறிந்து எழுதிய தேசத்தைக் கண்டறிந்தவர் எழுதி, அவ்வகை எழுத்தின் பழம்பெரும் பரிசிலைப் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

பயிர் இளசாயிருக்கையிலே வேலி வேண்டும். அதனை எவரும் மறுக்கார். வேலி இல்லாதிருந்தால் ஹைம்ஸும் நிகியும் மிதிபட்டுப் போயிருக்கக்கூடும். ஆயின் வேலியைக் காப்பதே தொழிலாகிவிட்டாற் பயிர் மறந்துபோகும். ஒரு பரிசிலின் பெருமை அது பெற்றோரின் புகழால் அளக்கப்படுவதன்று. நேற்றுவரை பெயர் அறியப்படாத எத்தனை பேரை அது உள்ளே அழைத்தது என்பதாலேயே அளக்கப்படும். அவ்வளவையினால் நோக்கும்போது, குற்றக் கதைப் பரிசில்களின் வரலாறு பெருமைப்படத்தக்கதே. முடிந்துபோன வரலாறு மட்டும் அன்று.