நாவில் வாழும் நூல்

நூல்களை எரிப்பதே அரசின் தொழிலான ஓர் உலகை, அமெரிக்க ஆசிரியர் ரே பிராட்பரி 1953இல் ‘பாரன்ஹீட் 451’ என்னும் புதினத்திற் புனைந்தார். அங்கே சிலர் நூல்களை மனனஞ்செய்து காக்கின்றனர். அக்கற்பனைத் தீ ஈழத்தில் மெய்யாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட, ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின.

புதினம் காட்டிய காவலும் ஈழத்தில் உண்டு. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள கண்ணகி கோயில்களில், வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடப்பெறுகின்றது. பாண்டியன் அவையில் நீதி கேட்ட பெண்ணின் வழக்கை ஊரார் ஆண்டுதோறும் கேட்கின்றனர். பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பிக்குமுன்பே, ஏட்டிலும் நாவிலுமாக அது பல தலைமுறைகளைக் கடந்திருந்தது. ஓரிடத்திற் குவிந்த நூல்கள் ஓரிரவில் அழியலாம். பல ஊரார் ஓதியும் கேட்டும் வரும் நூலை எரித்தல் எளிதன்று.