நகரிலிருந்து பாலம் வரை

ஆகாய விமானத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வானத்தை நோக்கியே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்த விமானம் எவ்வளவு உயரம் பறந்தது, எத்தனை மணி நேரத்தில் கடலைக் கடந்தது என்பனவெல்லாம் நூல்களில் நிறைந்துள்ளன. ஆனால், வானத்தில் பறக்க விரும்பும் மனிதன் முதலில் தன் வீட்டு வாயிலிலிருந்து விமான நிலையம் வரை தரையில் சென்றாக வேண்டும். அந்தத் தரைப் பயணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் நடுநாயகமாக விளங்கியது, முன்பின் அறியாதவர் பலர் கூடி ஏறிச் சென்ற பொது பஸ். தலைநகர் டில்லியை முதன்மையாகக் கொண்டு அதன் கதையை ஆராய்வோம்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று. ஊருக்குச் செல்ல நாம் காலங்காலமாக நம்பியது ரயில் வண்டியையே. 1929-இல் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் டில்லித் தமிழரின் குடும்ப உறுப்பினர்போல் ஆகிவிட்டவை. குமாஸ்தாவும் ஆசிரியரும் விமானத்தை நினைத்தது பெரும்பாலும் ஒரே சமயத்தில்தான்: ஊரிலிருந்து தந்தி வந்தபோது. தந்தை நோயுற்றார் என்றோ, தாய் மறைந்தார் என்றோ இரண்டு சொற்கள் வந்து சேரும். இரண்டு இரவு ரயிலில் சென்றால் முகம் காண இயலாது. அவ்வேளையில் கடன் வாங்கியேனும் டிக்கெட் பெற்றுவிடலாம். ஆனால், விடியுமுன் விமான நிலையத்தை அடைவது எப்படி? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை கூறியுள்ளது.

விமான நிலையம் ஏன் நகருக்கு வெளியே இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். ரயில் நிலையம் நகரின் நெஞ்சுக்குள் வந்து நிற்கும். அதற்கு வேண்டியது நீண்டதொரு பாதை மட்டுமே. விமானத்துக்கோ பரந்த வெளியும், சுற்றிலும் உயர்ந்த கட்டடங்களற்ற வானமும் வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே விமானக் கம்பெனிகள் இரண்டு வேலைகளை மேற்கொள்ள நேர்ந்தது: ஒன்று, வானில் பறப்பது, மற்றொன்று, நகருக்கும் களத்துக்கும் இடையே மோட்டார் வண்டி ஓட்டுவது. 1919 ஆகஸ்டு 25-இல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே தினசரிப் போக்குவரத்து தொடங்கியது. விரைவிலேயே லண்டனின் விமான நிலையம் குராய்டனுக்கு மாறியது. இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டன் நகரிலிருந்து குராய்டனுக்குப் பிரயாணிகளை மோட்டார் வண்டியில் அழைத்துச் சென்றது. 1939-இல் விக்டோரியா ரயில் நிலையத்தின் அருகே இதற்கெனவே ஒரு பெரிய கட்டடத்தையும் எழுப்பியது. நியூயார்க்கிலும் 1941-இல் நகர் நடுவே விமானக் கம்பெனிகளுக்கான பொதுக் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. பிரயாணி அங்கே டிக்கெட்டைக் காட்டி, சாமான்களை நிறுத்துக் கொடுத்து, பஸ்ஸில் ஏறுவார். அந்தக் கணமே அவருடைய விமானப் பயணம் தொடங்கிவிட்டதாகக் கருதப்பட்டது.

இந்தியாவுக்கு இம்முறை வந்து சேர்ந்த வழியும் சுவையானது. 1929 மார்ச்சில் லண்டனிலிருந்து கராச்சி வரை விமானப் போக்குவரத்து தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் அது டில்லி வரை நீண்டது. தலைநகரில் அதே காலத்தில் உருவான விமானக் களத்துக்கு வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் பின்னர் இடப்பட்டது. அதுவே விடுதலைக்குப் பின் சப்தர்ஜங் என்று பெயர் மாறிய இடம். 1932 அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாயின் ஜூஹு களத்துக்குத் தபால் மூட்டைகளுடன் பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாக அவற்றைச் சென்னைக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டு முழுவதிலும் டாட்டாவின் விமானங்களில் சென்றவர்கள் 155 பேர். தபாலோ 10 டன்னுக்கும் மேல். கடிதமே முதற் பிரயாணி. மனிதர் அதற்குத் துணையாகச் சென்றவர் என்றே சொல்லலாம். 155 பேருக்கு ஒரு பஸ் எதற்கு? ஒரு கார் போதுமானதாயிருந்தது.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். போர் முடிந்ததும் இராணுவத்துக்கு வேண்டாதவையாகிவிட்ட டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 21 முதல் 28 பேர் வரை அமரலாம். புதிய கம்பெனிகள் பல தோன்றின. அவற்றுள் எட்டை ஒன்றாக இணைத்து, 1953 ஆகஸ்டு 1-இல் அரசாங்கம் இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷனை அமைத்தது. நகர் அலுவலகமும் அதன் வாயிலில் நிற்கும் பஸ்ஸும் நாட்டின் பெருநகரங்களில் வழக்கமாகிப் போனது இக்காலத்தில்தான். ஒரு டக்கோட்டாவில் செல்வோர் அனைவரும் ஒரே பஸ்ஸில் அடங்கினர் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கு அதுவே திறவுகோல்.

அந்த ஏற்பாட்டின் உட்பொருளைச் சற்று நின்று காண்போம். கம்பெனி பஸ்ஸை ஓட்டியது தருமத்துக்காக அன்று. சிறிய விமானத்தில் ஒவ்வொரு ராத்தலும் கணக்கிடப்பட வேண்டியது. பிரயாணிகளும் சாமான்களும் முன்கூட்டியே ஓரிடத்தில் கூடினால் எடைக் கணக்கு எளிதாகும். தொலைபேசி அரிதாயிருந்த காலத்தில், மூடுபனியால் விமானம் தாமதமானால் அச்செய்தியை அனைவருக்கும் அறிவிக்க வேறு வழியில்லை. விடியற்காலையில் வாடகைக் கார் கிடைப்பதும் உறுதியன்று. இவ்வளவு காரணங்களும் சேர்ந்து ஓர் அரிய நியதியை உண்டாக்கின. நகர் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்து பஸ்ஸில் ஏறியவர் கம்பெனியின் பொறுப்பில் வந்துவிடுவார். வழியில் சக்கரம் பழுதானாலும் ரயில்வே கேட் மூடியிருந்தாலும் கவலை அவருடையதன்று. பஸ்ஸில் வருவோர் வந்து சேராமல் விமானம் புறப்படுவதில் பொருளில்லை. அதில் ஏறவேண்டியவர் அவர்களேயல்லவா? விமானம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த காலம் அது.

1949-இல் தொடங்கிய இரவு விமானத் தபால் சேவையையும் இங்கே குறிப்பிட வேண்டும். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நாட்டின் நடுவே உள்ள நாகபுரியில் நள்ளிரவில் சந்தித்தன. தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியலில் தத்தம் ஊர்களுக்குத் திரும்பின. பிரயாணிகளும் அவற்றில் சென்றனர். மாலையில் தந்தி பெற்ற தமிழர் ஒருவர், இடம் கிடைத்தால், மறுநாட் காலை சென்னையில் இருக்கலாம் என்ற நிலையை ஏற்படுத்தியது அந்த ஏற்பாடே. இரவு நேரத்தில் களத்துக்கும் நகருக்கும் இடையே வண்டி இல்லாவிடில் அந்த வேகத்தால் யாது பயன்?

டில்லியில் சப்தர்ஜங் களம் கன்னாட் பிளேஸிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இருந்தது. ஆனால் பெரிய விமானங்களுக்கு அது போதவில்லை. 1962-இல் பொதுமக்கள் போக்குவரத்து பாலத்துக்கு மாறியது. போர்க்காலத்தில் அமைந்த பாலம் விமானத் தளம் நகர் நடுவிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, தவுலா குவான் கடந்து, இராணுவக் குடியிருப்புகளுக்கு அப்பால் இருந்தது. பஸ்ஸின் தேவை மும்மடங்காயிற்று.

பாலம் என்பது ஒரு பழைய கிராமத்தின் பெயர். நம் மொழிச் சொல்லன்று. ஆயினும் நம் செவிக்கு அது பாலமாகவே ஒலிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. அவ்வூருக்கு விமானத்தைவிட மிகத் தொன்மையான வழிப்போக்கர் வரலாறு ஒன்றும் இருக்கிறது. பால்பன் சுல்தான் ஆண்ட காலத்தில், 1276-ஆம் ஆண்டையொட்டி, உத்தர தக்குரர் என்னும் செல்வர் அங்கே ஒரு படிக்கிணறு வெட்டுவித்தார் என்று சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. வெயிலில் வருவோர் நீர் அருந்தி இளைப்பாற வேண்டும் என்பதே இத்தகைய அறங்களின் நோக்கம். வழிச்செல்வோருக்கு வசதி செய்வது ஊரின் கடமை என்ற எண்ணம் பாலத்தில் வேரூன்றி எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

பொது பஸ்ஸின் பொற்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1964-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் ஜெட் விமானத்தைக் கொணர்ந்தது. 1971-இல் ஏர் இந்தியாவின் போயிங் 747 வந்தது. 1976-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் வந்தது. ஒரு விமானத்தில் இருநூறு, முந்நூறு பேர் சென்றபின் அவர்களை ஒரே பஸ்ஸில் அடக்க இயலாது. பிரயாணிகளுள் கார் உடையோரின் தொகையும் பெருகியது. லண்டனிலுங்கூட, சாமான்களுக்குத் தனி இழுவை வண்டி பூட்டிய பஸ்கள் ஓடிய மேற்கு லண்டன் நிலையத்தில், நகரிலேயே பெயர் பதியும் வழக்கம் 1974-இல் நின்றது. மூன்றாண்டுகளில் பாதாள ரயில் ஹீத்ரோ வரை நீண்டது. நம் நாட்டிலோ பஸ்ஸின் இடத்தை நிரப்ப ரயில் உடனே வரவில்லை. முன்னாள் இராணுவத்தினர் நடத்திய பஸ் சேவை அவ்விடைவெளியைப் பல ஆண்டுகள் நிரப்பியது. டில்லியில் கன்னாட் பிளேஸிலிருந்தும் பம்பாயில் நரிமன் முனையிலிருந்தும் அது விமான நிலையங்களுக்கு ஓடியது. பெரிய மூட்டைக்குத் தனியாகச் சிறு கட்டணம். வெளிநாட்டு மாணவரும், விடுப்பில் செல்லும் சிப்பாயும், முறுக்கு டப்பாவை மடியில் வைத்த பாட்டியும் அருகருகே அமர்ந்து சென்ற வண்டி அது. ஆனால் அதற்கும் பழைய பஸ்ஸுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. வழியில் தாமதமானால் விமானம் காத்திராது. மறைந்தது வண்டியன்று, பொறுப்பு.

1994-இல் விமானக் கார்ப்பொரேஷன் சட்டம் நீக்கப்பட்டு, தனியார் கம்பெனிகளுக்கு வழி திறந்தது. பல கம்பெனிகள் வந்ததும் ஒரே நகர் அலுவலகத்தின் முன் அனைவரும் கூடுவது என்ற வழக்கம் பொருளிழந்தது. உலகெங்கும் 2008-இல் காகித டிக்கெட்டும் விடைபெற்றது. பழைய பஸ்ஸின் வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன.

அதே 2008-ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் நினைவுகூரத் தக்கது. மார்ச்சில் ஐதராபாத்தின் பேகம்பேட்டை நிலையத்துக்குப் பதிலாக ஷம்ஷாபாதிலும், மே மாதத்தில் பெங்களூரின் பழைய நிலையத்துக்குப் பதிலாக தேவனஹள்ளியிலும் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன. தேவனஹள்ளி நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மின்னணு நகரத்தில் வாழ்வோருக்கு இன்னும் மிகுதி. வாடகைக் காரின் கட்டணம் சில சமயம் விமானக் கட்டணத்தோடு போட்டியிட்டது. அப்போது மீண்டும் பொது பஸ்ஸே துணை நின்றது. பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 'வாயு வஜ்ரா' என்ற குளிர்சாதன பஸ்களை நகரின் பல மூலைகளிலிருந்தும் இயக்கியது. இம்முறை அனைவரும் நகர் நடுவுக்கு வரவேண்டியதில்லை. பஸ்ஸே பேட்டைதோறும் சென்றது. ஐதராபாத்தில் அரசு பஸ்களுக்கு 'புஷ்பக்' என்று பெயரிட்டனர். புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கும் என்பது நம் மரபு. பொது வண்டிக்கு இதைவிடத் தக்க பெயர் வாய்ப்பது அரிது.

டில்லியில் 2011 பிப்ரவரி 23-இல் விமான நிலைய மெட்ரோ ரயில் தொடங்கியது. பழுதுகள் காரணமாக 2012 ஜூலையில் நின்று, 2013 ஜனவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. புது டில்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு இருபது நிமிடம். அதைவிட வியப்பு, நகரிலுள்ள மெட்ரோ நிலையத்திலேயே பெயர் பதிந்து சாமானைக் கொடுத்துவிடும் வசதி. புதுமை என்று அறிவிக்கப்பட்ட இதனைப் பழைய நகர் அலுவலகத்தின் மறுபிறவி என்றே நாம் அழைக்கலாம். சாமானை ஏற்றுக்கொண்டவர் பொறுப்பையும் ஒரு பகுதி ஏற்கிறார். சென்னையிலும் 2016-இல் மெட்ரோ ரயில் விமான நிலையத்தைத் தொட்டது.

இவ்வரலாற்றிலிருந்து தெளியவேண்டியது யாது? விமானக் கட்டணம் குறையலாம். நிலையங்கள் பளிங்கால் ஒளிரலாம். ஆனால் நள்ளிரவில் பத்து மைல் தொலைவைக் கடக்கப் பொது வண்டி இல்லாவிடில் அந்த வாயில் சிலருக்கே திறந்தது. விமான நிலையத்தைக் கூட்டித் துடைப்பவரும், மூட்டை ஏற்றுபவரும், காவல் நிற்பவரும் அதே சாலையில்தான் நாள்தோறும் செல்லவேண்டியிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. தந்தி 2013-இல் மறைந்தது. இன்று துயரச் செய்தி கைப்பேசியில் வருகிறது. செய்தியின் வேகம் கூடியிருக்கிறது. மனிதனின் அவசரம் மாறவில்லை. கல்கத்தாவிலோ பெங்களூரிலோ டில்லியிலோ, இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஊருக்குப் புறப்படும் ஒருவருக்கு, விளக்கேற்றிய ஒரு பஸ் தெருமுனையில் காத்து நிற்குமாயின், அந்நகரம் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது என்று பொருள். படிக்கிணறு வெட்டியவர் அறிந்திருந்த அறம் அதுவே.